இன்றைக்கு என்ன வேலை?

எங்கள் அத்தைக்கு வயது 78. அரசியலில் அவளுக்கு அவ்வளவாகச் சிரத்தை கிடையாது. "யார் ஆண்டால் என்ன? கத்தரிக்காய் விலை இறங்குமா?" என்பதுதான் அவளுடைய அரசியல் சித்தாந்தம். அப்பேர்ப்பட்டவள் ஒரு புதன்கிழமை சாயங்காலம் எனக்கு ஆள் அனுப்பினாள். போய்ப் பார்த்தால், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செல்போனில் லண்டன் பார்லிமெண்டு நடவடிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்! அவளுடைய பேரன் அந்த ஊரில் உத்தியோகமாயிருக்கிறான். "பாட்டி, வேடிக்கையைப் பார்" என்று அனுப்பி வைத்தானாம்.

"வாடா அப்பா! பத்திரிகையில் பக்கம் பக்கமாய் எழுதுகிறாயே, இதற்கு அர்த்தம் சொல்லு பார்க்கலாம். ஒருத்தர் எழுந்திருந்து, 'இன்றைக்கு உங்களுக்கு என்னென்ன அலுவல்?' என்று பிரதம மந்திரியைக் கேட்கிறார். அவரும் எழுந்திருந்து, 'காலையில் சக மந்திரிகளோடு பேசினேன். இன்னும் சிலரோடு பேசப் போகிறேன்' என்கிறார். அதற்கப்புறம் ஒரே கூச்சல்! இதைக் கேட்பதற்கு ஒரு பார்லிமெண்டா? உங்கள் மாமாவை நான் தினம் காலையில் இதே கேள்விதான் கேட்கிறேன். ஒருவரும் கூச்சல் போடவில்லையே!" என்றாள் அத்தை.

எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. "நாளைக்கு வந்து சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டு வந்தேன். பிறகு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். அசட்டுக் கேள்வி போலத் தோன்றும் அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய சாமர்த்தியம் ஒன்று ஒளிந்திருப்பது தெரிய வந்தது. அத்தைக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஊசியும் நூலும்

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். பிரிட்டனின் காமன்ஸ் சபையில் 650 அங்கத்தினர்கள். உட்காருவதற்கு இடமோ 427 பேருக்குத்தான். கூட்டம் அதிகமான நாட்களில், நம் ஊர் டவுன் பஸ்ஸைப் போல, மிச்சப் பேர் வாசல் பக்கம் நிற்க வேண்டியதுதான். இல்லாவிட்டால் படியிலே உட்கார வேண்டியதுதான். ஒரு பக்கம் ஆளும் கட்சி, எதிர்ப் பக்கம் எதிர்க்கட்சி. நேருக்கு நேர் பெஞ்சுகள். நடுவே தரை விரிப்பில் இரண்டு சிவப்புக் கோடுகள். பேசுகிறவர் தம் பக்கத்துக் கோட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு வாள்களை நீட்டினாலும் ஒன்றையொன்று தொடாத தூரம் அது என்று சொல்வார்கள். வாள் சண்டைக் காலம் மலையேறிவிட்டது. வாய்ச் சண்டைக் காலத்திலும் கோடுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

சபை கூடியிருக்கும் வாரங்களில், புதன்கிழமை பகல் 12 மணிக்குப் பிரதம மந்திரி அங்கே வந்தாக வேண்டும். அரைமணி நேரம் நின்று, கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

அவரிடம் ஏன் அந்த அசட்டுக் கேள்வியைக் கேட்கிறார்கள்? விஷயம் இதுதான். பிரதம மந்திரி எல்லா மந்திரிகளுக்கும் தலைவர். ஆனால் அவர் கையில் நேராக உள்ள காரியங்கள் கொஞ்சம். ஆஸ்பத்திரியைப் பற்றி எழுத்து மூலம் கேள்வி அனுப்பினால், "இது சுகாதார மந்திரியின் இலாகா" என்று அந்தப் பக்கம் தள்ளிவிடலாம். ரயிலைப் பற்றிக் கேட்டால் போக்குவரத்து மந்திரி இருக்கவே இருக்கிறார். ஒரு காலத்தில் இப்படித்தான் கேள்விகளைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கத்தினர்கள் பார்த்தார்கள். வேறு எந்த மந்திரியின் தலையிலும் கட்ட முடியாத கேள்வி ஒன்று வேண்டுமே, அது என்ன என்று யோசித்தார்கள். "இன்றைக்கு உமக்கு என்ன அலுவல்?" என்பதுதான் அது! இந்தக் கேள்விக்கு அவரைத் தவிர வேறு யார் பதில் சொல்ல முடியும்?

அந்தப் பதில் வந்ததும், கேட்டவருக்கு ஓர் உபகேள்வி கேட்க உரிமை உண்டு. அந்த உபகேள்வி எதைப் பற்றி வேண்டுமானாலும் இருக்கலாம். யுத்தமாக இருக்கலாம், வரியாக இருக்கலாம், தம் தொகுதியில் மூடிவிட்ட தபாலாபீஸாகவும் இருக்கலாம். என்ன கேட்கப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியதும் இல்லை. அலுவல் கேள்வி ஊசி. அதன் பின்னால் நுழைகிற நூல்தான் உபகேள்வி. தைப்பது நூல்தான் என்றாலும், ஊசி இல்லாமல் நூல் எங்கே நுழைவது?

"அடே! கெட்டிக்காரர்களாய்த்தான் இருக்கிறார்கள்" என்றாள் அத்தை.

யார் கேட்பது என்பதற்கும் ஒழுங்கு உண்டு. பெயர் கொடுத்தவர்களில் 15 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். சீட்டு விழாதவர்கள் சும்மா இருப்பதில்லை. சபாநாயகரின் கண்ணில் பட வேண்டும் என்று ஒவ்வொரு பதிலுக்கு அப்புறமும் எழுந்து எழுந்து உட்காருகிறார்கள். அத்தை செல்போனில் பார்த்த தோப்புக்கரணக் காட்சி அதுதான்! சபாநாயகர் அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறார். எதிர்க்கட்சித் தலைவருக்கு மட்டும் ஆறு கேள்விகள். மூன்றாவது பெரிய கட்சியின் தலைவருக்கு இரண்டு.

கொஞ்சம் கொஞ்சமாக வந்த வழக்கம்

யாரோ ஒரு மகான் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிய ஏற்பாடு அல்ல இது. பிரிட்டிஷ் பார்லிமெண்டில் அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்டதாகக் குறிப்புள்ள முதல் கேள்வி 1721-ஆம் வருஷத்தது. பிரபுக்கள் சபையில் கௌப்பர் பிரபு கேட்டார். அதற்கு முந்திய வருஷந்தான் தென்கடல் கம்பெனி என்ற ஒரு கம்பெனியின் பங்கு விலை தாறுமாறாக ஏறி, தடாலென்று விழுந்து, ஊரிலுள்ள பெரிய மனிதர்களையெல்லாம் கடனாளியாக்கியிருந்தது. கம்பெனியின் காசாளர் கடல் தாண்டி ஓடிவிட்டார். "அவர் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிடிபட்டுவிட்டாராமே, நிஜந்தானா?" என்பதுதான் கேள்வி. பாருங்கள், முதல் கேள்வியே பணம் போன வழியைப் பற்றி!

அப்புறம் கேள்விகள் பெருகின. 1881-ஆம் வருஷத்தில் பிரதம மந்திரியாக இருந்த கிளாட்ஸ்டன் எழுபதைக் கடந்த முதியவர். சபை கூடியதும் அவர் ஓடி வர வேண்டாம் என்று மரியாதைக்காக, அவருக்கு உரிய கேள்விகளை ஜாபிதாவின் கடைசியில் போட்டார்கள். 1953-ஆம் வருஷத்தில் சர்ச்சில் உடல் நலம் குன்றியிருந்தார். வாரத்தில் செவ்வாய், வியாழன் இரண்டு நாள் மட்டும் அவரைக் கேட்டால் போதும் என்று ஏற்பாடு செய்தார்கள். இரண்டும் வயோதிகர்களுக்குக் காட்டிய கருணை. ஆனால் கருணையிலும் ஒரு சங்கடம் இருந்தது. ஜாபிதாவின் கடைசியில் இருந்ததால் பல நாள் அந்தக் கேள்விகளின் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். இதை உத்தேசித்து, 1961-ஆம் வருஷம் மாக்மில்லன் காலத்தில், செவ்வாயும் வியாழனும் கால்மணி நேரம் பிரதம மந்திரிக்கே என்று ஒதுக்கினார்கள். 1997-இல் டோனி பிளேர் வந்து, இரண்டு கால்மணியையும் சேர்த்துப் புதன்கிழமை ஒரே அரைமணியாக ஆக்கினார். பகல் 12 மணி என்பது 2003-இல் ஏற்பட்டது.

வயிற்றைக் கலக்கும் அரைமணி

அரைமணி நேரந்தானே, என்ன பிரமாதம் என்று தோன்றலாம். பத்து வருஷம் பதவியிலிருந்த டோனி பிளேரைக் கேட்டால் தெரியும். பிரதம மந்திரி வாழ்க்கையிலேயே தம்மை மிகவும் நடுங்க வைத்த அனுபவம் அந்த அரைமணிதான் என்று அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வெளியிலே அசையாத மனிதர் என்று பெயர் வாங்கிய மாக்மில்லனுக்கும் கேள்வி நேரத்துக்கு முன்னால் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வருமாம்.

காரணம் இல்லாமல் இல்லை. எந்தக் கேள்வி எங்கிருந்து வரும் என்று தெரியாது. ஆகவே எல்லாவற்றுக்கும் தயாராக வேண்டும். காரியதரிசிகள் பெரிய கட்டு ஒன்றைத் தயார் செய்கிறார்கள். இலாகா வாரியாகத் தாள்கள், புள்ளி விவரங்கள், பத்திரிகைச் செய்திகள். "இந்த ஆஸ்பத்திரி விவகாரத்தில் என்ன நடந்தது? ஏன் தாமதம்?" என்று பிரதம மந்திரி காரியாலயம் அந்தந்த இலாகாவைத் துளைத்து எடுக்கிறது. புதன்கிழமை பகல் பிரதம மந்திரி தலைகுனிய நேர்ந்தால், சாயங்காலம் தங்கள் கதி என்ன என்று இலாகாக்காரர்களுக்குத் தெரியும். எங்கேயோ ஒரு மேஜை மேல் தூங்கிக்கொண்டிருந்த காகிதம் அவசர அவசரமாக எழுந்து நடக்கிறது. ஆகக்கூடி, சபையில் கேட்காமலே போன கேள்விகளுக்கும் பலன் உண்டு.

மாமியார் வருகிறாள் என்றால் வீட்டைக் கூட்டி மெழுகுகிறோம் அல்லவா? மாமியார் வாரா வாரம் வந்தால் வீடு எப்படி இருக்கும்!

பொன்னும் பித்தளையும்

அத்தை லேசில் விடுகிறவள் அல்ல. "அதெல்லாம் சரி. நான் பார்த்த வரையில் ஒரு கேள்விக்காவது அந்த மனுஷர் நேராகப் பதில் சொல்லவில்லையே? 'ஏன் செய்யவில்லை?' என்றால், 'நீங்கள் ஆண்டபோது என்ன கிழித்தீர்கள்?' என்கிறார். அவர் கட்சிக்காரர் ஒருவர், 'தங்கள் ஆட்சி அருமையாயிருக்கிறது, ஒப்புக்கொள்கிறீர்களா?' என்று கேட்கிறார். இது கேள்வியா, கல்யாணத்தில் வாசிக்கிற வாழ்த்துப் பத்திரமா?" என்றாள்.

அத்தை சொன்னதில் தப்பே இல்லை. இங்கிலாந்து ஜனங்களே இதைச் சொல்லி அலுத்துக்கொள்கிறார்கள். 1978-இல் சபை நடவடிக்கைகளை ரேடியோவில் கேட்கத் தொடங்கியபோது, பலர் அந்த இரைச்சலைக் கேட்டுத் திகைத்துப் போனார்கள். 1989-இல் டெலிவிஷனும் வந்தது. அதற்குப் பிறகு, பத்திரிகைத் தலைப்புக்கு ஏற்ற ஒரு வரி கிடைத்தால் போதும் என்கிற ஆசை இரு தரப்பாருக்கும் உண்டாகிவிட்டது. இந்தக் குறையை உணர்ந்துதான் 2002 முதல் வேறொரு வழியும் வைத்திருக்கிறார்கள். பார்லிமெண்டுக் கமிட்டிகளின் தலைவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, கூச்சலும் கைதட்டலும் இல்லாமல், பிரதம மந்திரியை நெடுநேரம் விசாரிக்கிறார்கள்.

அப்படியானால் புதன்கிழமைக் கூச்சலால் என்ன லாபம்? இங்கேதான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. ஒரு கேள்வியின் பலம் அப்போதே கிடைக்கிற பதிலில் இல்லை. பதில் எதுவாக இருந்தாலும் அது எழுதப்படுகிறதே, அதில்தான் இருக்கிறது. மழுப்பலானாலும் எழுதப்படும்; பொய்யானாலும் எழுதப்படும். தேதி போட்டு, பெயர் போட்டு, அச்சாகி, என்றைக்கும் நிற்கும். அந்தப் புத்தகத்துக்கு "ஹான்ஸார்டு" என்று பெயர். ஹான்ஸார்டு என்பது அதை அச்சிட்ட குடும்பத்தின் பெயர்.

அந்தப் பதிவும் சும்மா வரவில்லை. சபையில் பேசியதை வெளியில் அச்சிடுவதே ஒரு காலத்தில் குற்றமாயிருந்தது. 1771-ஆம் வருஷம் அப்படி அச்சிட்ட ஒருவரைச் சபையார் பிடிக்க ஆள் அனுப்பினார்கள். லண்டன் மேயர் பிராஸ் கிராஸ்பி என்பவர் அவரைக் காப்பாற்றினார். அதற்காக மேயரையே லண்டன் டவர் சிறையில் போட்டார்கள். ஜனங்கள் மேயர் பக்கம் திரண்டார்கள். அதற்குப் பிறகு அச்சிடுகிறவர்கள் மீது கை வைக்கச் சபையார் துணியவில்லை.

எழுதி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு, நம் காலத்திலேயே நடந்த ஒரு கதை இருக்கிறது.

"என்ன நடந்திருந்தாலும்"

கொரோனா வந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். இங்கிலாந்தில் 2020, 2021 வருஷங்களில் கடுமையான கட்டுப்பாடுகள். பெற்ற தாய் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சை விடும்போது பக்கத்தில் இருக்க முடியாத பிள்ளைகள் எத்தனையோ பேர். 2021 ஏப்ரல் 17-ஆம் தேதி எலிஸபெத் ராணியின் கணவர் பிலிப்புக்கு நடந்த இறுதிச் சடங்கில், ராணியே ஒரு பெஞ்சில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தை உலகமே பார்த்தது.

அந்த வருஷக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. கூட்டம் கூடக் கூடாது என்று சட்டம் போட்ட பிரதம மந்திரியின் காரியாலயத்திலேயே, தடையிருந்த நாட்களில், விருந்து நடந்ததாம். டிசம்பர் முதல் தேதி புதன்கிழமை. எதிர்க்கட்சித் தலைவராயிருந்த கீர் ஸ்டார்மர் எழுந்து அதைப் பற்றிக் கேட்டார். தம் காரியாலயத்தில் எல்லா வழிமுறைகளும் முழுக்க முழுக்கப் பின்பற்றப்பட்டன என்றார் பிரதம மந்திரி போரிஸ் ஜான்ஸன். அடுத்த புதன்கிழமை, விருந்து எதுவும் நடக்கவில்லை என்று தமக்குத் திரும்பத் திரும்ப உறுதி கூறப்பட்டிருப்பதாகச் சொன்னார். அன்றைக்கே காதரின் வெஸ்ட் என்ற அங்கத்தினர் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். 2020 நவம்பர் 13-ஆம் தேதி அங்கே விருந்து நடந்ததா என்பதுதான். ஜான்ஸனின் பதிலின் சாரம்: "இல்லை. ஆனால் என்ன நடந்திருந்தாலும், விதிகள் எப்போதும் பின்பற்றப்பட்டிருக்கும் என்பது நிச்சயம்."

இந்த இடத்தில் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "'இல்லை' என்று சொன்ன பிறகு, 'என்ன நடந்திருந்தாலும்' என்பது எங்கிருந்து வந்தது?" என்றாள்.

அத்தைக்குத் தோன்றியது இங்கிலாந்திலும் எல்லோருக்கும் தோன்றியது. ஆனால் சபையில் ஒருவரை ஒருவர் "பொய்யர்" என்று சொல்லக் கூடாது என்பது விதி. 2022 ஜனவரி 31-ஆம் தேதி இயான் பிளாக்ஃபோர்டு என்ற அங்கத்தினர், பிரதம மந்திரி வேண்டுமென்றே சபைக்குத் தவறான தகவல் கொடுத்தார் என்றார். சபாநாயகர் வார்த்தையை மாற்றிக்கொள்ளும்படி கேட்டார். அவர் மாட்டேன் என்றார். வெளியே போக நேர்ந்தது. "பொய் சொன்னார்" என்று சொன்னவர் வெளியே, சொல்லப்பட்டவர் உள்ளே! விநோதமாயிருக்கிறதல்லவா? ஆனால் வசவு காற்றோடு போய்விடும். ஹான்ஸார்டில் ஏறிய பதில் எங்கே போகும்?

போலீஸார் விசாரித்தார்கள். மொத்தம் 126 அபராதங்கள் விதித்தார்கள். அவற்றில் ஒன்று, 2022 ஏப்ரலில், பிரதம மந்திரிக்கே வந்தது. பதவியிலிருக்கும்போதே சட்டத்தை மீறியதாக அபராதம் கட்டிய முதல் பிரிட்டிஷ் பிரதம மந்திரி என்ற பெயரை அவர் வாங்கினார். அந்த மாதமே, அவர் சபையில் சொன்ன பதில்களை ஆராயும்படி உரிமைக் கமிட்டிக்குச் சபை உத்தரவிட்டது. இதற்குள் வேறு குழப்பங்களும் சேர்ந்துகொள்ள, 2022 செப்டம்பரில் ஜான்ஸன் பதவியை விட்டு இறங்கினார். கமிட்டி மட்டும் தன் வேலையை விடவில்லை.

ஏழு பேர் கொண்ட அந்தக் கமிட்டியில் நாலு பேர் ஜான்ஸனின் சொந்தக் கட்சிக்காரர்கள். எந்தத் தேதியில் என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது, அப்போது அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று வரி வரியாகப் பார்த்தார்கள். தாம் நம்பியதைத்தான் சொன்னதாகவும், வேண்டுமென்று தவறு சொல்லவில்லை என்றும் ஜான்ஸன் வாதாடினார். கமிட்டி அதை ஏற்கவில்லை. அறிக்கை வெளிவருமுன்பே, 2023 ஜூன் 9-ஆம் தேதி, அவர் அங்கத்தினர் பதவியையும் ராஜிநாமாச் செய்தார். ஜூன் 15-ஆம் தேதி அறிக்கை வந்தது. அவர் தெரிந்தே சபையைத் தவறான வழியில் நடத்தினார். அங்கத்தினராக நீடித்திருந்தால் 90 நாள் விலக்கி வைக்கச் சிபாரிசு செய்திருப்போம் என்றது. நாலு நாள் கழித்து 354 பேர் அறிக்கையை ஒப்புக்கொண்டார்கள். எதிர்த்தவர்கள் 7 பேர்.

கவனியுங்கள். விருந்து நடந்ததற்காக மட்டும் இவ்வளவு பாடு வரவில்லை. விருந்தைப் பற்றிக் கேட்டபோது சொன்ன பதிலுக்காக வந்தது. அந்தப் புதன்கிழமைகளில் ஒருவரும் கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பதிலே இருந்திராது. கேள்வி கேட்டவர்களுக்கு அன்றைக்கு உண்மை கிடைக்கவில்லை. வெறுங்கையோடுதான் உட்கார்ந்தார்கள். அவர்கள் விதைத்தது ஒன்றரை வருஷம் கழித்துத்தான் முளைத்தது.

நம் வீட்டுச் சமாசாரம்

இந்தக் கேள்வி கேட்கும் உரிமை நம் நாட்டுக்கு வந்த கதை சுவாரஸ்யமானது. வெள்ளைக்காரர் ஆட்சியில், 1892-ஆம் வருஷச் சட்டத்தில்தான் நம்மவர்கள் சட்டசபையில் கேள்வி கேட்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். ஆனால் உபகேள்வி கூடாது! ஊசியைக் கொடுத்து நூலைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள். 1909-ஆம் வருஷச் சட்டத்தின்படி, கேட்டவர் மட்டும் உபகேள்வி கேட்கலாம் என்று ஆயிற்று. 1919-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகுதான் எந்த அங்கத்தினரும் உபகேள்வி கேட்க வழி ஏற்பட்டது. உபகேள்விக்கு அவர்கள் எவ்வளவு பயந்தார்கள் என்பது இதிலிருந்தே தெரியவில்லையா?

இன்றைக்கு லோக் சபையில் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். வாய்மொழியாகப் பதில் பெற நாளொன்றுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள். ஆனால் லண்டனைப் போலப் பிரதம மந்திரிக்கென்று வாரம் அரைமணி தனியாக இல்லை. அவர் கையிலுள்ள இலாகாக்களின் முறை வரும்போதுதான் அவற்றைப் பற்றிய கேள்விகள் வரும். 2020 செப்டம்பரில், கொரோனாவை முன்னிட்டு, கேள்வி நேரமே இல்லாமல் ஒரு கூட்டத்தொடர் நடந்தது. எழுத்து மூலமான பதில்கள் மட்டும் கிடைத்தன. அதே வருஷம் லண்டனில் பெரும்பாலான அங்கத்தினர்கள் வீட்டில் இருந்தபடியே திரையில் தோன்றிக் கேள்வி கேட்டார்கள்.

ஆனாலும் நம்மவர்கள் கேள்வி கேட்பதில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. சுதந்திரம் வந்து பத்தே வருஷத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஆயுள் இன்ஷ்யூரன்ஸை 1956-இல் சர்க்கார் எடுத்துக்கொண்டது. லட்சக்கணக்கான குடும்பஸ்தர்கள், தமக்கு ஏதாவது ஆனால் மனைவி மக்கள் தெருவில் நிற்கக் கூடாதே என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் போட்ட பணம். அந்தப் பணத்தில் சுமார் 1 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு, மறு வருஷமே, ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் பங்கு வாங்கினார்கள். கம்பெனிகளின் நிலைமையோ சுகமில்லை.

1957-இல் லோக் சபையில் இதைக் கேள்வி கேள்வியாகக் கேட்டு வெளியே இழுத்தவர்களில் முக்கியமானவர் பிரோஸ் காந்தி. அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, ஆளும் காங்கிரஸ்காரர். அதுமட்டுமா? பிரதம மந்திரி நேருவின் மாப்பிள்ளை! மாமனாரின் சர்க்காரைப் பார்த்துத்தான் கேட்டார். கடைசியில் பம்பாய் ஹைகோர்ட்டுப் பிரதம நீதிபதி சாக்ளா பகிரங்க விசாரணை நடத்தி, ஒரு மாதத்துக்குள் அறிக்கை கொடுத்தார். நம் சென்னையைச் சேர்ந்த நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி, 1958 பிப்ரவரியில் ராஜிநாமாச் செய்தார். நேருவுக்கு மிகவும் வேண்டியவர் அவர். நேருவுக்கு வருத்தந்தான். ஆனால் கேள்வி கேட்டாகிவிட்டது. பதிலும் புத்தகத்தில் ஏறிவிட்டது. வருத்தப்பட்டு என்ன செய்வது?

கேள்வி கேட்பது எதிர்க்கட்சியின் வேலை மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த மாப்பிள்ளையை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். லண்டன் கமிட்டியில் இருந்த அந்த நாலு பேரையுந்தான்.

அத்தையின் ஹான்ஸார்டு

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு எழுந்து போய், அலமாரியிலிருந்து பழுப்பேறிய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதைத்தானே நானும் செய்கிறேன்! உங்கள் மாமா எது சொன்னாலும் தேதி போட்டு எழுதி விடுவேன். அப்போது சண்டை போட மாட்டேன். ஆறு மாதம் கழித்துப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவேன். மனுஷர் வாயைத் திறக்க மாட்டார்" என்றாள்.

"அத்தை! நீ லண்டனில் பிறந்திருக்க வேண்டியவள்" என்றேன்.

"அது கிடக்கட்டும். இதோ பார், தை மாதம் 12-ஆம் தேதி. 'அடுத்த மாதம் அத்தையைத் திருச்செந்தூருக்கு அழைத்துக்கொண்டு போகிறேன்' என்று ஒருத்தன் சொன்னதாக எழுதியிருக்கிறது. யார் அந்த மனிதன் என்று தெரிகிறதா? இப்போது ஆவணி பிறந்தாயிற்று."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயினும் சமாளித்துக்கொண்டு, "அத்தை, பிரயாண விஷயமெல்லாம் என் சம்சாரத்தின் இலாகா. அவளைத்தான் நீ கேட்க வேண்டும்" என்றேன்.

அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டாள். நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். பென்சிலைக் கையில் எடுத்தாள். எடுத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்படியா? ரொம்ப சரி. இன்றைக்கு உனக்கு என்ன வேலை?"